காற்றோட்டமான இடம்

அத்தாவைத் தூக்கிச்சென்ற ஜனாஸா பள்ளிவாசல் தெருவில் திரும்பிய பிறகுதான், வீட்டுக்குள் இன்னும் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பது நுஸைபாவுக்குக் கேட்டது. புஸ்ஸென்று ஓர் இழுப்பு, டக்கென்று ஒரு நிறுத்தம், மறுபடி புஸ். ஆக்சிஜன் மெஷின். காலையில் அத்தாவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றியது அவள்தான். மறுமுனையை எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

குழாய் கட்டிலிலிருந்து சுவரோரமாகப் போய், கதவிடுக்கில் நுழைந்து, அடுப்படியில் முடிந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்ற மெஷினின் மேல், சத்தம் அத்தாவுக்குக் கேட்கக்கூடாதென்று அம்மா ஒரு பழைய துப்பட்டியைப் போட்டு வைத்திருந்தாள். நுஸைபா அதை விலக்கினாள். பச்சை எரியவேண்டிய இடத்தில் மஞ்சள் எரிந்தது.

அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும், வெளியே வரும் காற்றில் ஆக்சிஜன் போதவில்லை. பெட்டிக்குள் இரண்டு தூண்கள். தூண் நிறைய ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள், ஜியோலைட். ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அறைகள் கோடிக்கணக்கில். ஒரு கைப்பிடி மணியின் உள்சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் ஒரு வேலி, ஆறேழு ஏக்கர் நிலம் தேறும். காற்றை அழுத்தி அனுப்பினால், நைட்ரஜன் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆக்சிஜன் அவ்வளவாக ஒட்டாது, நழுவி வெளியே வந்துவிடும். அழுத்தத்தைத் தளர்த்தினால் நைட்ரஜன் பிடியை விட்டுவிட்டுப் போகும். ஒரு தூண் பிடிக்கும் நேரத்தில் மற்றது விடும். அதுதான் அந்தப் புஸ்ஸும் டக்கும்.

திருச்சியில் அவள் செய்யும் ஆராய்ச்சியே இதுதான். துளைகளுக்குள் எது எவ்வளவு வேகமாக நகர்கிறது, எது சுவரில் தங்குகிறது. "எம்மவ ஓட்டையப் பத்திப் படிக்கிறா. முடிச்சுட்டா ஓட்டை டாக்டர்" என்று ஐயம்பேட்டைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அத்தா. ஆனால் ஒவ்வொரு லீவிலும் உட்காரவைத்துக் கேட்பார். கேட்டதை அம்மாவிடம் போய்ப் பாதி தப்பாகச் சொல்வார்.

தண்ணீர் சங்கதி வேறு. நீராவி அந்தச் சுவர்களில் நைட்ரஜனைவிட இறுக்கமாக ஒட்டும். அழுத்தத்தைத் தளர்த்தினாலும் போகாது. ஆய்வகத்தில் உலையில் வைத்துச் சூடேற்றி ஈரத்தை விரட்டாமல் அவள் அந்த மணிகளைத் தொட்டதே இல்லை. ஈரம் குடித்த தூணில் வெறும் காற்று போன மாதிரியே திரும்பி வரும்.

அடுப்பில் ஓமத் தண்ணீர்ப் பானை அப்படியே இருந்தது. அத்தாவுக்கு ஆவி பிடிக்க அம்மா காலையும் மாலையும் கொதிக்க வைத்தது. மெஷின் பக்கத்துச் சுவரில் ஈரம் கோடு கோடாக இறங்கியிருந்தது.

நுஸைபா சுவிட்சை அணைத்தாள்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து மெஷினை எடுத்துப்போக அப்சர் வந்தான். வாடகைக்கு விட்டவன். அடக்கத்திலும் நின்றவன், முழங்கால் வரை மண் ஒட்டியிருந்தது. சரிபார்க்க ஒருமுறை ஓடவிட்டான். மஞ்சள் எரிந்தது.

"என்னாக்கா இது, அடுப்புக்கிட்ட போயி... தூணு ரெண்டும் தண்ணி குடிச்சுப்..."

நுஸைபா அவன் கையைப் பிடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள். புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவுக்கு உட்கார்ந்தாயிற்று. இனி மாதக்கணக்கில் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான். நினைப்பதற்கு என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்சர் திரையைப் பார்த்தான். பிறகு மெஷினைத் தூக்கினான். வாசலில் மட்டும் மெதுவாக, "காத்தோட்டமான எடத்துல வைங்கன்னு நாந்தாங்க்கா சொன்னேன்" என்றான்.

"தெரியும். போய்ட்டு வாங்க தம்பி."

அவள் அறைக்குள் போனபோது அம்மா ஜஸீலா தஸ்பீஹ் மணிமாலையை உருட்டாமல் கையில் வைத்திருந்தாள்.

"அப்சர் ஏதோ சத்தம் போட்டுச்சே?"

"மெஷின் கனமா இருக்காம்."

"ம். ஒந்தம்பி ஜாஹித் எத்தன மணிக்கு எறங்குறான்?"

"காலைலம்மா."

"அவன் வர்றவரைக்கும் தாங்குவாருன்னு நெனச்சேன். மெஷின் குமிழத் திருப்பித் திருப்பிக் கூட்டி வச்சேன். கடைசி அஞ்சுலதான் வச்சிருந்தேன். அப்பவும் ஒங்கத்தா காத்து பத்தலன்னாரு." கதவிடுக்கின் பக்கம் பார்த்தாள். "நம்ம வீட்ல காத்து வர்றது அடுப்படி ஒண்ணுதானே. அங்கதானே வச்சேன்."

டாக்டர் ஸ்கேனைக் காட்டி, நுரையீரல் காய்ந்த பஞ்சாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். மெஷின் நன்றாக இருந்திருந்தால் எத்தனை நாள்? நாளைக் காலை வரைக்குமா? எதையும் அளந்து பார்த்துச் சொல்பவளுக்கு இதை அளக்க வழி தெரியவில்லை.

"அதுக்குள்ள என்னாம்மா இருக்கு?" அம்மா கேட்டாள். "அத்தா ஏதோ சொன்னாரு. சல்லடைன்னாரு."

"சல்லட இல்லம்மா. சின்னச் சின்ன மணி. நெறய ஓட்ட இருக்கும்."

"ஒன்னோட ஓட்டையா?"

"அதேதான்." இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை.

நுஸைபா சொன்னாள். காற்றில் இருக்கும் இரண்டையும், எது சுவரில் ஒட்டும், எது நழுவி வரும் என்பதையும், ஒரு தூண் பிடிக்க மற்றது விடுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்துச் சொல்லவேண்டியது தண்ணீர். நுஸைபா எப்போதும் அங்கேதான் குரலை உயர்த்துவாள், அத்தா அங்கேதான் முன்னால் சாய்வார்.

அவள் நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

ஜஸீலா தலையை ஆட்டினாள். தஸ்பீஹ் நகர ஆரம்பித்தது.

கட்டில் கம்பியில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அப்சர் எடுத்துப்போகவில்லை. நுஸைபா கழற்றிக் கையில் சுற்றினாள். உள்ளே நின்றிருந்த ஒரு சொட்டு நீர், சுற்றுக்குச் சுற்று உருண்டு கீழே வந்தது. அம்மாவின் பார்வை அதோடு கூடவே வந்தது.

"அதக் குடு இங்க" என்றாள்.

வாங்கி, தன் வெள்ளைத் துப்பட்டியின் முனையால் அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.