நல்ல நேரத்தில் தட்டிய எண்டர்

முக்கூடல் போகும் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியின் கணினித் துறைத் தலைவர் தாணுமாலையன், நேரம் பார்க்காமல் சாக்பீஸைக்கூடக் கையில் எடுக்க மாட்டார். லினக்ஸ் ஆய்வகத் திறப்பு விழாவுக்கு அவர் அடித்த அழைப்பிதழில், "தென் தமிழகத்திலேயே முதன்முறையாக, நாமே உருவாக்கிய கெர்னல், யூ.எஸ்.பி. மவுஸுடன்" என்று தங்க எழுத்தில் மின்னியது. கெர்னல் என்பது கணினியின் அடிமடியில் உட்கார்ந்துகொண்டு மவுஸ், திரை, அச்சுப்பொறி என்று எல்லாவற்றையும் மேய்க்கிற நிரல். அதை எழுதியவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். கல்லூரியில் யாரும் இல்லை. 'நாமே உருவாக்கிய' என்பதற்கு, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விரிவுரையாளர் கோமதிசங்கர் பதில் சொல்லி, இந்தக் கணினிக்குத் தோதாக அதைக் கட்டப்போகிறான் என்று பொருள்.

அது தொண்ணூற்றொன்பது டிசம்பர். வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்திருந்தார் தாணுமாலையன். பத்தரைக்கு ராகு காலம். ஒன்பது மணிக்குப் போன கரண்ட் பத்துக்கு வந்தது.

"பத்தேகாலுக்குள்ள ஆரம்பிச்சிரணும் வே," என்றார் தாணுமாலையன், கைக்கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு. "ஆரம்பிச்சாப் போதும். பொறவு அது பாட்டுக்கு ராகு காலத்துல ஓடட்டும், தோஷம் இல்ல."

கேள்விகளோ முந்நூறுக்கு மேல். இந்தச் சாதனம் வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் எண்டரைத் தட்டினால், ஏற்கெனவே அங்கே என்ன பதில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். முதல் முப்பது கேள்விகளைக் கோமதிசங்கர் படித்தான். "ஏழு நிமிஷம்," என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. அப்புறம் அவன் படிக்கவில்லை. எண்டரில் விரலை வைத்து, மழைக்கு முன்னால் வற்றல் அள்ளுகிறவன்போல அள்ளித் தள்ளினான். பத்து பதினான்குக்குக் கெர்னல் கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. தாணுமாலையன் கணினிக்குச் சூடம் காட்டினார்.

மவுஸைக் கொண்டு வந்தவர் மேலப்பாளையத்தில் கணினிக் கடை வைத்திருந்த காஜா முகைதீன். துபாயிலிருந்த மச்சானிடம் சொல்லி வரவழைத்தது. மற்ற மவுஸ்களைப்போல உள்ளே உருண்டை கிடையாது. அடியில் சிவப்பு விளக்கு எரியும். வந்ததுமே அதை மாட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாணுமாலையன் விடவில்லை. சிறப்பு விருந்தினரின் கைதான் முதலில் படவேண்டும் என்று சொல்லி, மவுஸைப் பெட்டியோடு துறை அறைப் பிள்ளையார் காலடியில் மூன்று நாள் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விழா. ஒரு காலத்தில் துணைவேந்தராக இருந்த சிறப்பு விருந்தினர் மவுஸைப் பிடித்தார். விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். அவர் இழுத்தார், திரையில் அம்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சந்தன மாலை சரிந்ததே தவிர, அம்பு ஆணி அடித்ததுபோல நின்றது. போட்டோக்காரர் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி முதல்வர் தேவசிகாமணி, பல்லைக் கடித்த சிரிப்போடு கோமதிசங்கர் பக்கம் சாய்ந்தார். "நம்ம பக்கம் ஏதும் குறையா?"

"நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்." யோசிக்கும் முன்பே வந்துவிட்டது.

"அப்ப சாமான்தான் போலி," என்றார் தாணுமாலையன். மூன்றடி தள்ளி நின்ற காஜா முகைதீன் காதில் அது விழுந்தது. அவர் மவுஸைப் பார்க்கவில்லை. கோமதிசங்கரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கோமதிசங்கர் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து, தான் சொன்ன பதில்களெல்லாம் பதிவாகியிருந்த கோப்பைத் திறந்தான். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யூ.எஸ்.பி. அமைக்கப்படவில்லை என்று ஒரே வரி. யூ.எஸ்.பி. வேண்டுமா என்று கெர்னல் மரியாதையாகக் கேட்டிருக்கிறது. ஏற்கெனவே அங்கே இருந்த 'வேண்டாம்' மேலேயே எண்டர் தட்டியிருக்கிறான். கெர்னலும் சொன்னபடி செய்திருக்கிறது.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனான். மறுநாள், அலுவலகக் கண்காணிப்பாளர் சண்முகசுந்தரி ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தான். காஜா முகைதீன் போலிச் சரக்கு விற்றதாகவும், எச்சரிக்கையாக இருக்கும்படியும், சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகள் பதினொன்றுக்கும் போக வேண்டிய கடிதம். அடுத்த திங்கட்கிழமை கொள்முதல் குழு கூடி ஒப்புதல் கொடுத்ததும் தபாலில் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அந்த மனுஷர் கடையில் ஒரு ஃப்ளாப்பிகூட யாரும் வாங்க மாட்டார்கள்.

லினக்ஸ் என்ற பெயரையே கோமதிசங்கர் முதலில் கேட்டது காஜா முகைதீன் கடையில்தான். முதல் சி.டி.யை, "வச்சிப் பாருங்க சார், நமக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது," என்று சும்மா கொடுத்தவர் அவர்.

பைய ஒரு வழி தோன்றியது. சொல்ல வேண்டாம், சரி செய்துவிடலாம். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கியதும் துறையில் ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆய்வகம் காலியாக இருக்கும். அப்போது போய் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தான். யூ.எஸ்.பி.க்கு ஆமாம். மவுஸுக்கு ஆமாம். மூன்று மணிக்குள் புதுக் கெர்னல் தயார். மவுஸை இழுத்தான். அம்பு ஓடியது. அவன் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கி ஓடியது.

ஓடியது மறுநாளே திரும்பி வந்தது.

"பாத்தீரா வே!" தாணுமாலையன் மவுஸை மேசை முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். "லெட்டர் அடிக்கோம்னு தெரிஞ்சதும் கள்ளன் ரகசியமா வந்து ஒரிஜினலை மாத்தி வச்சிட்டுப் போயிட்டான். இனிமே சாட்சியே வேண்டாம்."

"யாரும் மாத்தலை சார். அதே மவுஸ்தான்."

"அதே மவுஸ்னா அன்னைக்கு ஏன் ஓடல?"

கோமதிசங்கரின் வாய் திறந்தது. அதற்குள் அவரே, "நல்ல நேரத்துல கட்டின கெர்னல் வே அது! அதுல குறை வருமா?" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. மாலையில் கடிதத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'பின்னர் தனது குற்றத்தை உணர்ந்து பொருளை மாற்றி வைத்துள்ளார்.' அவனுடைய மராமத்தே அந்த மனுஷருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆய்வகத்திலேயே குழு கூடியது. காஜா முகைதீனையும் வரச் சொல்லியிருந்தார்கள். சண்முகசுந்தரி தேநீர் நீட்டினாள்.

"நோன்பும்மா," என்று கையை உயர்த்தினார் அவர். உதடு காய்ந்திருந்தது.

முதல்வர் கடிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அவர் கை சட்டைப் பையில் துழாவிய அந்த நேரம்தான் மிச்சம் என்று கோமதிசங்கருக்குப் பட்டது. எழுந்தான்.

"சார், கையெழுத்துக்கு முன்னால ஒரு காரியம் பாக்கணும்."

கணினியை அணைத்துத் திரும்ப முடுக்கினான். எந்தக் கெர்னல் வேண்டும் என்று அது கேட்டது. பழையது அழியாமல் அங்கேயே இருந்தது. நல்ல நேரத்தில் பிறந்ததை அழிக்கக் கூடாது என்பது தாணுமாலையன் உத்தரவு. பழையதைக் கொடுத்தான். மவுஸில் விளக்கு எரிந்தது, அம்பு நின்றது. அணைத்து, புதியதைக் கொடுத்தான். அதே மவுஸ், அம்பு ஓடியது.

"அப்ப தப்பு யாரு மேல?" என்றார் முதல்வர்.

"என் மேல சார். யூ.எஸ்.பி. வேணுமான்னு கேட்டுச்சு. நான் படிக்காம எண்டரைத் தட்டிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். சொல்லல."

"நேரத்துல குறை இல்ல சார்," என்றார் தாணுமாலையன். "பஞ்சாங்கம் கையிலேயே இருக்கு."

சண்முகசுந்தரி பேனாவைத் திறந்தாள். "மினிட்ஸ்ல என்னன்னு எழுத சார்?"

"தொழில்நுட்பக் காரணம்னு எழுதுங்க," என்றார் முதல்வர்.

"லெட்டர்ல போலின்னு எழுதும்போது பேரைப் போட்டுல்லா எழுதுனோம்?"

முதல்வர் மறுபடியும் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். அது அவர் மூக்கிலேயே இருந்தது.

"கோமதிசங்கர்னு எழுதுங்க மேடம்," என்றான்.

"இனிஷியல்?"

சொன்னான். அவள் எழுதினாள். அப்புறம் கடிதத்தின் பதினொரு பிரதிகளையும் சேர்த்துப் பிடித்து, முதல்வரைப் பார்த்தபடியே இரண்டாகக் கிழித்தாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. காஜா முகைதீன் ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். கோமதிசங்கர் ஓடிப்போய் நின்றான்.

"பாய்..."

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். விளக்கு எரிஞ்சுதுல்லா? சாமான் செத்திருந்தா விளக்கு ஏன் எரியுது?"

"பொறவு நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாவாரி சாக்குச் சொல்லுதான்னுவாவ. நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." இன்னொரு மிதி மிதித்தார். "ஏழு நாள் ஆக்கிட்டிய."

"தப்புதான் பாய். ஏசிருங்க. நாலு வார்த்தை ஏசிட்டாவது போங்க."

வண்டி கிளம்பிவிட்டது. காஜா முகைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நோன்பு நேரத்துல கோவப்படக் கூடாது சார். பெருநாள் கழிச்சுக் கடைக்கு வாங்க. ஏசுதேன்."

துறை அறைக்குத் திரும்பிய கோமதிசங்கர், பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் புரட்டினான். டிசம்பரோடு அதன் தாள்கள் தீர்ந்துபோயின. பெருநாள் ஜனவரியில் வந்தது.

"என்ன வே, எதுக்கு நேரம் பாக்கீரு?" என்றார் பின்னாலிருந்து தாணுமாலையன்.

"ஏச்சு வாங்கப் போகணும் சார்," என்றான் கோமதிசங்கர். "அதுக்கு நேரத்தை அவரு குறிச்சிட்டாரு."