மாமி வீட்டு மாடி

நவம்பர் 12, செவ்வாய்

வேனைத் தெருமுனையில் நிறுத்தியிருக்க வேண்டும். வாசலில் நிறுத்தச் சொன்னது என் பிழை.

நாளை நிலோபர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் சேருகிறாள். பிறவியிலேயே ஒரு கால் வளராதவள். ஊன்றுகோல் வைத்து நடப்பாள். நான் வேலை பார்க்கும் பயிற்சி மையமும், ஜவுளிக் கடைக்காரர்கள் சங்கமும், பசுமலையில் ஒரு கல்லூரியும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் கிடைத்த வேலை. அழைத்துப்போக வேனும் உண்டு. வழி பார்த்து வைக்கலாமென்று இன்று மதியம் டிரைவர் ராம்கி அண்ணனோடு மகபூப்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வேனின் பக்கவாட்டில் மூன்று அமைப்புகளின் பெயர்கள். அவற்றுக்கு மேலே, ‘மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்புக் கூட்டு முயற்சி’ என்று முழ உயர எழுத்து.

நிலோபரின் அம்மா மைதீன் பீவி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“ஏம்மா செல்வி, இம்புட்டுப் பெருசா எழுதிக்கிட்டா வருவீக? தெருவே பாக்குது.”

இளையவள் ஹுமாவைப் பெண் பார்க்க நாளைக் காலை மேலூரிலிருந்து வருகிறார்கள். மூத்தவளைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. முன்பு சொன்ன இடங்களில், இது பரம்பரையாக வருமோ என்று கேட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. அதிலிருந்து யார் பெண் பார்க்க வந்தாலும் நிலோபர் பக்கத்திலுள்ள மாமி வீட்டு மாடிக்குப் போய்விடுவாள். இப்போதெல்லாம் அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

நிலோபர் ஒருநாள் கழித்துச் சேரட்டுமே என்று அவள் அப்பா ஜலீல் தணிந்து கேட்டார். எங்கள் ஒருங்கிணைப்பாளர் முத்திருளன் சாருக்குப் போன் போட்டேன். ஜலீலும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நாளை மூன்று அமைப்பின் தலைவர்களும் போட்டோவுக்கு வருகிறார்கள், தேதியை மாற்ற முடியாது என்றார் சார். வேனின் எழுத்தையாவது துணி போட்டு மறைக்கலாமா என்று கேட்டேன். எந்தப் பெயர் முதலில் வருவது என்று முடிவு செய்யவே கூட்டம் மேல் கூட்டம் போட்டோம், அதை மறைக்கச் சொல்கிறாயா என்று கோபப்பட்டார்.

“அந்தப் பிள்ள வரலேன்னா விட்ரு. கால் முடியாத வேற பிள்ளையக் கூட்டிட்டு வா. போட்டோவுல யாருக்குத் தெரியப்போகுது?”

அறையில் எல்லோருக்கும் கேட்டது. நிலோபரை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் மைதீன் பீவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

“இவளுக்கு அல்லா இன்னொரு வேல குடுப்பான். ஹுமாவுக்கு இன்னொரு எடம் வருமா?” என்றார்.

அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்த நிலோபர் நிமிர்ந்தாள்.

“போன தடவ மாடில எனக்கு இருமல் வந்துருச்சும்மா. அவுக பிரியாணி சாப்புட்டு எந்திரிக்கிற வரைக்கும் துப்பட்டாவ வாயில திணிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, வேன் எத்தன மணிக்கு?”

“ஒம்போதரை.”

“அந்நேரம் அவுக வந்து ஒக்காந்திருப்பாக. வாசல்லயே நிறுத்தச் சொல்லுங்க.”

மைதீன் பீவி மகளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். “சின்னவ கடைசிவரைக்கும் இந்த வீட்டுலயே கெடந்தா, நீ வந்து பதில் சொல்லுவியா?”

முதலாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்று கொடுக்கவில்லை.

“அவுகளுக்கு நான் சொல்லிக்கிறேம்மா,” என்றது அடுப்படியிலிருந்து ஹுமாவின் குரல். “எங்க அக்கா வேலைக்குப் போறான்னு.”

ஜலீல் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை. அந்தச் சம்பந்தம் முறிந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டா? உண்டு என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் வேனைத் தெருமுனைக்கு மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

நாளை: ஒன்பதரைக்கு வேன் வாசலில் நிற்க வேண்டும். கதவைத் திறந்து படியை இறக்கிவிட்டு நான் ஒதுங்கி நிற்க வேண்டும். நிலோபர் தானாக ஏறுவாள். அவசரப்பட்டுக் கை கொடுக்கக் கூடாது.