அலம்பின விறகு

மட்டாஞ்சேரி தோணிக்கடவில் விறகு பொறுக்க என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வீட்டில் என் இஷ்டத்துக்கு விட்டது அது ஒன்றைத்தான். இரண்டு புளியங்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவேன். கணீரென்றால் கூடைக்கு, சொத்தென்றால் திரும்பத் தோணிக்கே. விறகுக்கார அப்பு சிரிப்பான்.

"மாமி, இது அடுப்புக்கோ, கதவு பண்ணவோ?"

"பொண்ணுக்கு மூச்சு முட்டறது அப்பு. புகை ஆகாது. நன்னா காஞ்சதா குடு."

அம்மிணிக்கு ஐந்து வயது. புகை படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலோ அடுப்புக்கும் அவள் படுக்கைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான்.

நான் பார்த்துப் பார்த்து எடுத்துவந்த விறகின் மேல் மாமியார் அனந்தலக்ஷ்மி இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டுவார். "தோணிக்காரன் தொட்டதை அலம்பாம மடி அடுப்புல வைக்கப்படாது." வெயில் காலத்தில் அது காய்ந்துவிடும். ஆடி மழையில் கொச்சியில் எது காயும்? ஈரத்தோடு அடுப்பில் செருகினால் வீடு முழுக்கப் புகை.

"கொழந்தைக்காக, மழை விடற வரைக்கும் அலம்பாம இருக்கலாமே அம்மா."

"நாலு தலைமுறையா அலம்பறோம். யாருக்கு என்ன ஆயிடுத்து?"

என் கணவர் ராமபத்ரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா மனசை நோக அடிக்காதே, காமாக்ஷி."

அறுபதாம் வருஷம் ஆடியில் அம்மிணி போய்விட்டாள். விதி என்றார்கள். 

ஐப்பசியில் மாமனாரின் திவசம் வந்தது. அன்றும் மழை, அன்றும் அலம்பின விறகு. மந்திரத்தின் நடுவே வெங்கிடாசலம் வாத்தியார் இரண்டு தடவை இருமிவிட்டு, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விறகை அலம்பினேளா? அக்னிக்கு ஏது மாமி தீட்டு? காஞ்சதை வையுங்கோ."

அவ்வளவுதான். என் கணவர் குடையோடு ஓடிப்போய், அப்புவின் கொட்டகையிலிருந்து காய்ந்த கட்டைகளைச் சாக்கால் மூடித் தானே சுமந்துவந்தார். அவற்றின் மேல் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. அடுப்பு புகையே இல்லாமல் எரிந்தது.

வாத்தியார் சாப்பிட்டுப் போனபின் மாமியார் என்னிடம் வந்தார்.

"இனிமே அலம்ப வேண்டாம். வாத்தியாரே சொல்லிட்டார்."

"ஆடியிலயே அவர் வந்து ரெண்டு தடவை இருமியிருக்கலாம், அம்மா," என்றேன்.