வாலுள்ள காளான்

தோட்டத் தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. காட்டில் ஒளிந்து அரசோடு சண்டை போடுகிறவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று காலையில் வேலி கேட்டில் காவல்காரர்கள் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மதியம் உள்ளே வந்துவிட்டால் மறுநாள் விடியும்வரை வெளியே போக முடியாது.

என் மனைவி பஞ்சாலைக்கு அப்போது ஐந்தாம் மாதம். அளந்து தருகிற அரிசிச் சோறும் கருவாடும் அவளுக்குக் குமட்டின. புற்றுக்காளான் மட்டும் வேண்டுமென்றாள். எதையும் கேட்காதவள்.

மழைக்கு மறுநாள் எனக்கு ஒதுக்கிய மர நிரையில் கறையான் புற்றருகே காளான் பூத்திருந்தது. ரோட்டோரப் புல்லிலும் சில. பட்டை சீவிப் பழகிய கை. பால் வெட்டும் கத்தியாலேயே தரையோடு அறுத்து, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டேன்.

வீட்டில் பஞ்சாலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"வால் எங்கங்க?"

"காளானுக்கு ஏது வாலு?"

"புத்துக்காளான்னா மண்ணுக்குள்ள முழ நீளத்துக்கு வால் போவும். நஞ்சுன்னா அடி குண்டா முடிஞ்சிரும். நீங்க தலைய மட்டும் கொண்டாந்திருக்கீங்க. ரப்பர் மரம்னு நெனச்சு வெட்டினீங்களா? பால் கோப்பையும் வச்சிட்டு வந்தீங்களா?"

வெள்ளை எனாமல் மங்குத் தட்டில் காளான் குடைகளைக் கவிழ்த்து மூடினாள். நாங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். பொடி உதிரட்டுமென்று சாயங்காலம்வரை காத்திருந்தோம். அவள் அருகில் அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கும்.

மூடியைத் திறந்தாள். பல குடைகளின் அடியில் வெளிறிய பொடி உதிர்ந்திருந்தது. மூன்றின் அடியில் மட்டும் பாசிப் பச்சை.

"பச்ச விழுந்தா நஞ்சு," என்றாள்.

"அத மட்டும் எடுத்துப் போட்டுட்டா?"

அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. "எல்லாம் ஒரே சாக்குல உருண்டு வந்திருக்கு. வேணாங்க." சாக்கை மடித்தபடி, "புத்துகிட்ட மொட்டு ஏதும் விட்டீங்களா?"

"ஏழெட்டு இருந்திச்சி."

அத்தனையையும் கொல்லையில் புதைத்தாள். தட்டைச் சாம்பல் போட்டு இருமுறை தேய்த்தாள். அன்றும் கருவாடுதான்.

மறுநாள் காளானுக்காகக் கத்தியை இடுப்பை விட்டு எடுக்கவில்லை. புற்றருகே மண்டியிட்டு விரலால் மண்ணைத் தோண்டினேன். வெள்ளை வால் அறாமல் நீளமாக வந்தது. கேட்டில் காவல்காரர் முருகையா ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா, எலி புடிச்சாந்திருக்க?"

"வீட்ல கேட்டாங்க."

பஞ்சாலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எட்டுக்கும் வால் இருந்தது. மணக்க மணக்க வதக்கி, சோற்றில் பிசைந்து, எனக்கு ஒரு வாய் நீட்டினாள். மீதியை அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டவில்லை.