பீரங்கியை நம்பி நடந்தவர்

வங்கதேசப் போர் முடிந்த மறு வருஷமே பூவனநாதன் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிவிட்டார். கயத்தாற்றுக்குக் கிழக்கே சொந்தக் கரிசலில் பருத்தி போட்டார். யாராவது சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் எதிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சில மைல் பின்னால் நின்று, சொன்ன கோணத்துக்குப் பீரங்கியைத் திருப்பிச் சுட்டவர். குண்டு யார் மேல் விழுந்தது என்று தெரியாது. நம் ஆட்கள் மேலேயே விழுந்திருக்குமோ என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் கயத்தாற்று டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். கடைக்காரர் ராஜமணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, எகிப்துல சரமாரியா பீரங்கி அடிக்கானாம். பட்டாளத்துல இதுக்கு என்ன பேரு?"

"பராஜ்னு சொல்லுவோம்."

"குண்டு மழைதானே?"

"மழை இல்ல அண்ணாச்சி" என்றார், பெஞ்சின் கோடியில் இருந்த கட்டைக்கால்காரர். "மழை கண்ட இடத்துல பெய்யும். பராஜ்ங்கது திரை. குண்டெல்லாம் ஒரே வரிசையா விழுந்து நமக்கு முன்னால சுவரு மாதிரி நிக்கும். எதிரி தலையத் தூக்க மாட்டான். அந்தச் சுவரு கொஞ்சங் கொஞ்சமா நகரும். நாங்க ஒட்டிப் பின்னாலயே நடப்போம்."

அவர் பெயர் சிவனாண்டி. ஓட்டப்பிடாரத்துப் பக்கம். காலாட்படையில் இருந்தவர். நடந்த இடத்தை அவர் சொல்லச் சொல்ல, பூவனநாதன் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அதே ஆற்றங்கரை. அதே பனிமூட்டக் காலை.

"அன்னைக்கு அங்கன சுட்டதுல என் பீரங்கியும் ஒண்ணு" என்றார். "உங்க ஆளுக மேல ஏதும் விழுந்துச்சா?"

"எங்க கம்பெனியில ஒருத்தர் மேலயும் விழல. கரையேறுத வரைக்கும் எதிரி துப்பாக்கி வாயத் திறக்கல. என் கால் போனது பொறவு, கண்ணிவெடியில."

பூவனநாதன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "எங்க கை கொஞ்சம் தவறுனா நீங்க காலி. முகந்தெரியாத எங்கள நம்பி எப்படி நடந்திய?"

"பின்தங்குனா எதிரி எந்திரிச்சிருவான். முந்துனா உங்க குண்டுலயே சாவணும். நேரத்துக்கு நகத்துவியன்னு நம்புனோம், நகத்துனிய."

பஸ் வந்தது. பூவனநாதன் ஏறவில்லை. சிவனாண்டியின் பையை வாங்கித் தோளில் போட்டு, வில்வண்டி பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

"யாரு இவிய?" என்றாள் மனைவி கோமதி.

"எங்க குண்டுக்குப் பின்னாலயே நடந்து போனவிய. இலை போடு."

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோது, பூவனநாதன் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். சிவனாண்டி சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து ஒரே எம்பில் ஏறிவிட்டார். புழுதி அடங்கும் வரை பூவனநாதன் அந்தப் பஸ்ஸையே பார்த்தபடி நின்றார்.