எட்டு டம்ளர் தண்ணீர்

சர்க்கரைக்கு என்னென்ன ஆகாது என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் சோள ரொட்டிப் படத்தின் மேல் சிவப்பாகக் கோடு போட்டிருந்தார்கள். பிரிஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டரம்மா, ஊர்ல மூணு வேளையும் இதைத்தான் தின்னேன். அப்ப சர்க்கரை வியாதி வரலியே? இங்க நாங்க சோள ரொட்டியைக் கண்டே மாசக்கணக்காச்சு. வேலை பாக்கற கோழி ஆலையில காசு போட்டா மிஷின்ல கேக்கும் கலர் சோடாவும்தான் விழுது."

"அதையும் விடுங்க. தினம் எட்டு டம்ளர் தண்ணி குடிங்க. இல்லேன்னா கிட்னி ரெண்டும் போயிடும்" என்றார் டாக்டர். நல்ல பெண்தான். கோழி ஆலையை அவர் பார்த்ததில்லை.

அவள் நாடு விட்டுப் பிழைக்க வந்த ஆர்கன்சா மாநிலத்தின் அந்த ஆலையில் கோழி வெட்டும் வரிசையைவிட்டுக் கழிப்பறைக்குக்கூட யாரும் நகரக் கூடாது. ஆறு வருஷமாக பிரிஹிதா தண்ணீர் குடிக்காமல்தான் வேலைக்கு வருகிறாள். சில பெண்கள் டயப்பர் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள்! கடவுள் மனுஷ உடம்பை வெட்கப்படும்படி படைக்கவில்லை. அந்த வெட்கம் ஆலைக்காரர்கள் கொடுத்தது.

மறுநாள் காலை குவாதலூப்பே மாதாவைக் கும்பிட்டுவிட்டு, மூன்று டம்ளர் குடித்துவிட்டே வந்தாள். பத்து மணிக்கு அடிவயிறு கடுத்தது. கையைத் தூக்கினாள்.

மேற்பார்வையாளன் ஃபாபியான் வந்தான். அவன் அப்பாவும் இதே வரிசையில் நின்றவர்தான்.

"என்னம்மா, பள்ளிக்கூடமா இது, கையைத் தூக்க? மாத்தி நிக்க ஆள் இல்ல. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடக்கு."

"தம்பி, டாக்டர்தான் தண்ணி குடிக்கச் சொன்னாங்க."

"அப்ப அவங்களையே வந்து கோழி வெட்டச் சொல்லு."

பக்கத்தில் நின்ற ஓப்துலியா, அதிர்ந்து பேசியறியாதவள், பிரிஹிதா முன் கொக்கியில் தொங்கிவந்த கோழியையும் இழுத்து வெட்டினாள்.

"நீ போக்கா. உன்னுதையும் நான் பாத்துக்கறேன்."

"ஒரு கோழி தவறட்டும், ரெண்டு பேர் சீட்டும் கிழியும்!" என்று இரைந்தான் ஃபாபியான்.

"கத்தி வேலை சார். பக்கத்துல நின்னு கத்தாதீங்க, கை தவறிடும்" என்றாள் ஓப்துலியா.

பிரிஹிதா போனாள். திரும்பி வந்தபோது ஓப்துலியா இரண்டு இடத்துக் கோழிகளையும் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கோழிகூடத் தவறவில்லை. ஃபாபியான் தள்ளிப் போய் நின்றிருந்தான்.

பிரிஹிதா நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஓப்துலியா அவள் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, எனக்கும் போகணும். விடிஞ்சதுலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கறேன்."

பிரிஹிதா இரண்டு பேர் இடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு கத்தியை எடுத்தாள்.

"போ. ஓடாத, மெதுவாப் போயிட்டு வா."