மாப்பிள்ளை பக்கத்துக் காலி இடம்

சூடு ஆறுவதற்குள் உலையைத் திறந்துவிட்டதால், வைரத்துக்குள் இருந்த காலி இடம் ஒன்று வெளியே நடந்து வந்து, உலைக்காரரின் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. அன்று செவ்வாய்க்கிழமை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

உலைக்காரர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் வைரம் நகைக்கு இல்லை. நகத்தைவிட மெல்லிய சில்லாகச் சீவி, உள்ளே ஓர் அணுவைத் தட்டி விலக்கிவிட்டு, உலையில் சுடுவார்கள். சூட்டில் அந்தக் காலி இடம் சில்லுக்குள்ளேயே அலையும். கூட்டத்தில் சேராத அந்நிய அணு எங்காவது தென்பட்டால் அதன் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளும். அப்புறம் பச்சை வெளிச்சம் அடித்தால் சிவப்பாக மினுங்கும், காந்தத்தைக் காட்டினால் மங்கும், கொடுத்த சேதியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். குறையே இல்லாத வைரம் இந்த வேலைக்கு ஆகாது. இப்படிச் சொல்கிறார்கள். அணுவைக் கண்ணால் பார்த்தவன் எவன் என்று கேட்டால் மழுப்புகிறார்கள். சிவப்பை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

உலை தானாக ஆறும்வரை கதவில் கை வைக்கக்கூடாது. பல வருஷம் அதை மீறாத உலைக்காரர் அன்று மீறினார். மகள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு ஒருவனைக் கூட்டிவந்து நிற்கிறாள் என்று மனைவி போன் செய்திருந்தாள். சில்லை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினார். நடை நிற்காத காலி இடம் அவர் சட்டையைத் தொற்றிக்கொண்டு வீடுவரை வந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். ஒருத்தன்தான் புதுசு. அது நேரே போய் அவன் இடதுபக்கம் நின்றது.

உலைக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மகளிடம் சொன்னார்: “இந்த மாசத்தோட வேற வீடு பாத்துக்கச் சொல்லு.”

“பக்கத்துலதான இருக்காரு, நீங்களே சொல்லுங்கப்பா,” என்றாள் மகள்.

“எனக்கு வாய் வலிக்குது.”

மறுநாள் பச்சைத் திரைச்சீலை வழியாக வெயில் விழுந்ததும், மாப்பிள்ளையின் இடதுபக்கம் சிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. வாய் வலிக்குது, வாய் வலிக்குது என்று முந்தின நாள் பேச்சும் அங்கிருந்து மெல்லக் கேட்டது. வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தது. உலையின் உறுமலைக் காதிலேயே சுமந்து தூக்கம் தொலைத்திருந்த உலைக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி குழந்தைபோல் தூங்கிப்போனார். அதை வெளியில் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சில்லு செத்துக் கிடந்தது. காலி இடம் திரும்பி வராவிட்டால் உமக்கும் வேலை இல்லை என்றாள் தலைமைப் பொறியாளர் அம்மாள். அது யார் பக்கத்தில் நிற்கிறது என்று உலைக்காரர் சொல்ல வேண்டியதாயிற்று. பேருந்தின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்து மாமனாரும் மாப்பிள்ளையும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அவனை ஸ்டூலில் உட்காரவைத்துப் பச்சை விளக்கைப் போட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை.

“மறுபடி உலையில வச்சா சில்லுக்குள்ள போயிடும்,” என்றாள் அம்மாள்.

“என்னையும் சேத்தா மேடம்?” என்றான் மாப்பிள்ளை.

உலைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்ததாகச் சொல்வார்கள்.

அதற்குள் சாப்பாட்டுக் கூடையோடு மகளும் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றார்கள். சிவப்பு குபீரென்று வந்தது. அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். “சுத்தி ஒரே குடும்பம், நடுவுல ஒரு வெளியாளு, அவன் பக்கத்துல ஒரு காலி. மூணும் வேணும். எங்க மிஷின உங்க வீட்டுக்கே கொண்டுவந்துடறோம். இவர மட்டும் அனுப்பிடாதீங்க.”

உலைக்காரர் தான் வைத்த கெடுவை மாற்றவில்லை. மாதம் முடிந்தது. மாப்பிள்ளைக்கும் ரோஷம் உண்டு. பையைத் தூக்கிக்கொண்டு, அழுத பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினான். சுவரிலிருந்து சிவப்பு வடிந்தது. உலையின் உறுமல் உலைக்காரர் காதுக்குத் திரும்பியது.

“மாப்ள,” என்றார். அதுதான் முதல் வார்த்தை. “பைய வை. வீடு இருட்டிக்கிட்டு வருது.”

“வாய் வலிக்கலையா மாமா?”

“வலிக்குது. உள்ள வாங்க.”

விளக்கும் லென்சும் வந்து வீட்டுக் கூடத்து மூலையில் நின்றன. பேரப்பிள்ளைகள் அந்த இடத்தைச் சுற்றியே தவழ்ந்து பழகின. மாப்பிள்ளைக்குத் தலை நரைத்தது, சிவப்பு நரைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது வந்து அவன் இடதுபக்கம் உட்காரப்போனால், உலைக்காரர்தான் முதலில் கையை நீட்டித் தடுக்கிறார். “அங்க உக்காராதீங்க, ஆள் இருக்கு.”